என் இடது மார்பு

எனக்கு வந்த நோயின் பெயரைச் சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் நான் வாய் தவறிச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். "நுரையீரலா?" என்று திருத்திக் கேட்பவர்கள் உண்டு. "வீட்டுல அவங்களுக்கா?" என்று என் மனைவியைப் பற்றி விசாரிப்பவர்களும் உண்டு. இல்லை, எனக்குத்தான். மார்பகப் புற்றுநோய். நாற்பது தாண்டிய ஆண் நான். இடது மார்பில் வந்தது. வெட்டி எடுத்துவிட்டார்கள். சிகிச்சையெல்லாம் முடிந்து, இப்போது தினம் ஒரு மாத்திரையோடு கடைக்குப் போய் வருகிறேன். ஆண்களுக்கும் இது வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் இசக்கி. தென்காசியில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் தெருமுனைக்குப் போகும். பிறந்தநாள் பேனருக்கு வருகிற பையன்கள் முகத்தை மட்டும் கொண்டுவருவார்கள். "அண்ணே, தலை நம்மாளுது. உடம்ப மட்டும் மாத்தி விட்டுருங்க" என்பார்கள். எந்த உடம்பு என்பதையும் அவர்களே போனில் காட்டுவார்கள். முன்பு சினிமாக்காரர்களின் உடம்பு. இப்போது எல்லாம் வீடியோ கேம். ஒருவன் கையில் கோடாரி இருக்கும், இன்னொருவன் கையில் துப்பாக்கி இருக்கும், மூன்றாமவனுக்குத் தோளில் இரும்புக் கவசம் இருக்கும். நெஞ்சு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான், இரண்டு பலகையை அடித்து வைத்தாற்போல. அந்த நெஞ்சின் மேல் பக்கத்து ஊர்ச் சுரண்டைக்காரன் தலையையும் ஆய்க்குடிக்காரன் தலையையும் பொருத்தி, கழுத்தில் நிறம் ஒட்டாத இடத்தை நிழல் போட்டு மறைப்பது என் தொழில்.

வேலை ஓய்ந்த நேரத்தில் அதே கேம்களை நானும் விளையாடுவேன். சிலவற்றில் ஆட்டம் தொடங்கும் முன்னால் நமக்கான வீரனை நாமே செய்துகொள்ளலாம். உயரத்துக்கு ஒரு கோடு, தோளுக்கு ஒரு கோடு, நெஞ்சுக்கு ஒரு கோடு இருக்கும். மவுஸால் இழுத்தால் கூடும், குறையும். நெஞ்சுக் கோட்டை நான் எப்போதும் கடைசிவரை இழுத்து வைப்பேன். என் மனைவி கோமதி ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றாள். "நான்தான்" என்றேன். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூட வயதில், மீசை அரும்புகிற காலத்தில், எனக்கு இரண்டு மார்பும் வீங்கின. அந்த வயதுப் பையன்கள் பலருக்கும் உடம்பில் ஹார்மோன் சுரப்புகள் மாறும்போது அப்படி ஆகும், பெரும்பாலும் தானாக வற்றிவிடும், சிலருக்கு வற்றாது என்று டாக்டர் இப்போதுதான் சொன்னார். எனக்கு வற்றவில்லை. வகுப்பில் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். அன்றிலிருந்து எந்த வெயிலிலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன் போட்டுத்தான் திரிந்தேன். குற்றாலம் எங்கள் ஊரிலிருந்து பைக்கில் எட்டிப் பிடிக்கும் தூரம். சீசனில் உறவுக்காரர்கள் வந்தால் அருவிக்கு அழைத்துப் போவேன். ஆண்கள் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெற்றுடம்போடு அருவிக்குள் போவார்கள். நான் அவர்களுடைய பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு பாறை ஓரமாக நிற்பேன். கேட்டால் சளி என்பேன். கல்யாணமாகி, மகள் தர்ஷினி கல்லூரிக்குப் போகும் வயது வந்த பிறகும், கோமதியின் முன்னால்கூட நான் சட்டையில்லாமல் நின்றதில்லை.

இப்படிப்பட்ட நெஞ்சில் ஒரு கட்டி வந்தால் யாரிடம் காட்டுவது?

குளிக்கும்போது இடது காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. வலி இல்லை. பழைய சதைதான் இறுகிவிட்டது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நான் ஜிம்முக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருந்த மாஸ்டர் சட்டைக்கு மேலாகவே பார்த்துவிட்டு, "சதைதாண்ணே, கரைச்சிரலாம்" என்றார். தண்டால் எடுத்தேன், கம்பி தூக்கினேன். தொப்பை கொஞ்சம் குறைந்தது. கட்டி குறையவில்லை. சில மாதத்தில் காம்பு உள்பக்கமாக இழுத்துக்கொண்டது. பிறகு பனியனில் சின்னச் சின்னதாகக் கறை விழ ஆரம்பித்தது.

கோமதி வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். துணியில் என்ன இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இது என்ன கறை?"

"மெஷின் மை. மெஜந்தா கலரு."

அவள் குளியலறைக்குப் போய்விட்டு, பனியனைப் பிழிந்துகொண்டே திரும்பி வந்தாள்.

"ஒங்க மெசின் மை ஒரு தடவ பட்டா சாகுற வரைக்கும் போவாது. எத்தன சட்டைய அதுக்காவத் தூரப் போட்டிருக்கேன். இது பச்சத் தண்ணியில அலசினதுமே போவுது. ரத்தம். எங்க இருந்து வருது? காட்டுங்க."

"ஒண்ணுமில்ல. சூட்டுக்கட்டி."

அவளே பொத்தானைக் கழற்ற வந்தாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவள் கையை எடுக்கவில்லை.

"இத்தன வருசம் கழிச்சும் நான் வேத்தாளா?"

அதற்குமேல் தடுக்க முடியவில்லை. அவள் விரல் கட்டியைத் தொட்டதும் அப்படியே நின்றது. ரவிக்கை அளவு கொடுக்க வருகிற பெண்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்து, ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தவள் அவள். பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டு, "நாளைக்கு கடை தொறக்காண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள்.

போனோம். சாரல் தொடங்கியிருந்த நேரம். குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் ரோட்டை அடைத்து நின்றன. ஜன்னலுக்கு வெளியே ஈரத்துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்தபடி திரும்பி வருகிறவர்கள் நடுவே எங்கள் ஆட்டோ ஊர்ந்து போனது. முதலில் பார்த்த டாக்டர் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறாமல், ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்டு, தென்காசியிலேயே உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்.

அங்கே மேமோகிராம் எடுக்கும் அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். நானும் கோமதியும் கடைசி பெஞ்சில் இருந்தோம். நர்ஸ் கதவைத் திறந்து "இசக்கி!" என்று கூப்பிட்டாள். இசக்கி எங்கள் பக்கம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கிற பெயர். நர்ஸ் கோமதியைப் பார்த்து, "வாங்கம்மா" என்றாள். கோமதி என் முதுகில் கை வைத்து, "இவங்கதான்" என்றாள். எழுந்து நடக்கும்போது என் முகம் எரிந்தது.

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கு எடுக்கிற எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்திப் படம் எடுப்பார்கள். பெண்களுக்கே வலிக்கும் என்கிறார்கள். பெண்கள் அளவுக்கு எடுத்து வைக்க இல்லாத ஆணுக்குத் தோலோடு சேர்த்துக் கிள்ளி இழுப்பதுபோல இருக்கும். அந்த அறையில் இருந்த டெக்னீசியன் என் மகளைவிடச் சில வயது மூத்த பெண். "சட்டை, பனியன் ரெண்டையும் கழட்டிருங்க சார்" என்றாள். முப்பது வருடமாக நான் மறைத்ததை அவள் தட்டின் மேல் தூக்கி வைத்தாள். "தோளைத் தளர்த்துங்க. மூச்சைப் பிடிங்க. முடிஞ்சது." அவ்வளவுதான். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அடுத்து பயாப்ஸி. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு, தடித்த ஊசியைக் கட்டிக்குள் செலுத்தித் துணுக்கு எடுப்பார்கள். எடுக்கும்போது ஸ்டேப்ளர் அடிப்பது மாதிரி 'டக்' என்று சத்தம் வரும். அந்தத் துணுக்கு பரிசோதனைக்குப் போய்த் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் கடைக்குப் போனேன். என் வயதுக்காரர் ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வேண்டி வந்தது. அவருடைய தம்பி பழைய போட்டோக்களை மேசையில் பரப்பி, "எதுல அண்ணன் நல்லா இருக்கான்?" என்று கேட்டார். என் போட்டோக்களில் எதை எடுப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முடிவு வந்த அன்று டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

"ஆம்பளைக்கும் மார்பகத் திசு உண்டு. கொஞ்சமா இருக்கும், அவ்வளவுதான். உள்ள சின்னச் சின்ன நாளங்கள் இருக்கும். உங்களுக்கு அந்த நாளத்துல ஆரம்பிச்சு, சுவரைத் தாண்டி வெளிய வந்திருக்கு. அக்குள்ல ஒரு நெறிகட்டியிலயும் சந்தேகமா இருக்கு. கேன்சர்தான். ஆனா சிகிச்சை இருக்கு."

நான் கேட்ட முதல் கேள்வி பிழைப்பேனா என்பது அல்ல. "சின்ன வயசுல இருந்தே எனக்கு இப்படி இருந்ததாலயா சார்?" என்றுதான் கேட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இல்ல. அது வேற, இது வேற. அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ணல, இதுக்கும் ஒண்ணும் பண்ணல. ஆம்பளைங்களுக்கு இது அபூர்வம். ஆனா வர்றவங்க எல்லாரும் லேட்டாத்தான் வர்றாங்க. ஒண்ணு வெக்கம், இல்லேன்னா இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. வீட்ல யாருக்காவது இருந்திருக்கா?"

அப்போதுதான் புளியங்குடிச் சித்தியின் ஞாபகம் வந்தது. அம்மாவின் தங்கை. அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்டால் வீட்டில் 'மாருல புண்ணு' என்பார்கள். வேறு பெயர் அதற்கு யாரும் வைக்கவில்லை. சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து மருத்துவமனை வாசலில் டீ வாங்கினோம். இரண்டு பேருமே குடிக்கவில்லை.

"ஊர்ல கேட்டா என்ன சொல்லுதது?" என்றேன்.

"கேன்சர்னு சொல்லுவோம். எங்கனன்னு கேக்குதவன்ட்ட சொல்லணும்னு தோணுச்சின்னா சொல்லுங்க, இல்லேன்னா விடுங்க. எடுத்துட்டு ஆளத் தந்தாங்கன்னா எனக்குப் போதும்." டீயைக் கீழே ஊற்றிவிட்டு, "அந்தச் சவத்து ஜிம்முக்கு மட்டும் இனி போவாதிய" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அறுவையில் இடது மார்பு முழுவதையும், காம்போடு சேர்த்து, எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். நினைவு திரும்பியபோது நெஞ்சைச் சுற்றிக் கட்டு. கட்டுக்குள்ளிருந்து ஒரு குழாய் வெளியே வந்து, சின்னப் பாட்டில் ஒன்றில் முடிந்தது. வெட்டிய இடத்தில் ஊறுகிற நீரும் ரத்தமும் உள்ளேயே தேங்காமல் வடிவதற்காக அது. எழுந்து நடந்தால் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கோமதி வீட்டுக்குப் போய், என் பழைய சட்டைகளில் இரண்டை எடுத்து, உள்பக்கம் பாட்டில் அளவுக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். வார்டில் எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் "என்ன ஆப்பரேசன்?" என்று கேட்டால் "நெஞ்சுல" என்பேன். அவர்கள் இருதயம் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தவில்லை.

என் எதிர்ப் படுக்கைக்கு மகராசன் என்ற பையன் வந்தான். சுரண்டைப் பக்கம். இருபத்தைந்து வயது இருக்கும். புஜம் ஒவ்வொன்றும் என் தொடை மாதிரி. அவனுக்கும் நெஞ்சில்தான் கட்டு, ஆனால் இரண்டு பக்கமும். பார்க்க வந்த அவனுடைய அம்மா, "குடல் எறக்கம்னு சொல்லுதான், கட்டு மேல இருக்கு. கேட்டா எரிஞ்சி விழுதான்" என்று கோமதியிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

அம்மா கீழே கேன்டீனுக்குப் போன ஒரு பிற்பகலில் அவன் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

"அண்ணே, நீங்க ஃபிளெக்ஸ் கடை இசக்கியண்ணந்தான? என் பர்த்டே பேனர் நீங்கதான் அடிச்சிய." போனைத் திறந்து காட்டினான். முகப்புப் படமாகவே அதை வைத்திருந்தான். கேம் வீரன் உடம்பில் அவன் தலை. இடுப்பில் வாள், பின்னால் தீ. "இதப் பாத்துத்தாண்ணே ஜிம்முக்குப் போனேன். ஒரு வருசத்துல இப்படி ஆயிரணும்னு."

"ஒனக்கு என்னலே பண்ணிருக்கு?"

கதவைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான். தசை சீக்கிரம் ஏறுவதற்கு யாரோ சொல்லி ஊசி போட்டிருக்கிறான். ஆண்மைச் சுரப்பு ஊசி. வெளியிலிருந்து அது அளவுக்கு மேல் போனால், மிச்சத்தை உடம்பு பெண்மைச் சுரப்பாக மாற்றிவிடும். புஜம் பெருத்ததோடு மார்பும் வளர்ந்துவிட்டது. போலீஸ் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தான். மைதானத்தில் சட்டையைக் கழற்றி நிறுத்தி, மார்பளவு எடுப்பார்கள். "அத்தன பேரு முன்னால எப்படிண்ணே கழட்டுவேன்? அதான் அம்மைக்குத் தெரியாம எடுத்துட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "ஒங்களுக்கு என்னண்ணே? ஹார்ட்டா?" என்றான்.

அவன் சொன்னதற்குப் பிறகு என்னால் 'நெஞ்சுல' என்று சொல்லி நிறுத்த முடியவில்லை.

"மார்புல கேன்சர். இடது பக்கம் முழுசா எடுத்தாச்சு."

மகராசன் கை தன் கட்டின் மேல் போனது. "அது பொம்பளையாளுக்குல்லா வரும்?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன்."

"எனக்கும் வந்துருமாண்ணே? டெஸ்டுக்கு அனுப்பிருக்காங்க. ஊசி போட்டதால வருமோ?"

"எனக்குத் தெரியாது. டாக்டர்ட்ட கேளு. மறைக்காமக் கேளு. ஊசியப் பத்தியும் சொல்லு."

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. "அத இங்க கொண்டா" என்று வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினேன்.

"இது யாரு உடம்புன்னு நெனைக்க?"

"அந்த கேம்ல வருவாம்லா, அவந்தான்."

"இல்லலே. நெஞ்சு ஒரு கேம்ல இருந்து எடுத்தது. கை வேற கேம். ரெண்டுக்கும் கலர் சேராம நான் அர நாளு மல்லுக்கட்டுனேன். வயித்துல இந்த ஆறு கட்டு இருக்குல்லா, அது ஒரிஜினல்ல கவசத்துக்குள்ள மறைஞ்சிட்டு. அத நானே வரஞ்சேன். இடுப்பு ஒடுக்கமா இருந்தாத்தான் பாக்க எடுப்பா இருக்கும்னு ரெண்டு பக்கமும் அமுக்கி விட்டேன். இந்த இடுப்புக்குள்ள கொடல் வைக்க எடம் கெடையாது. இப்படி ஒருத்தன் இருந்தா அவன் சாப்பிட முடியாது."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தையல் இழுத்து, "அய்யோ, அண்ணே" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு அடங்கவில்லை, அடங்கும்போது அது அழுகையாக மாறியிருந்தது. தோள் குலுங்க, அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். படியேறி வந்த அவன் அம்மா பதறிப்போய், "என்னடே, என்ன செய்யுது?" என்று ஓடி வந்தாள். அவன் அன்றைக்கே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவனைத் திட்டிய திட்டு வார்டு முழுவதும் கேட்டது. திட்டிக்கொண்டே ஆரஞ்சு உரித்து ஊட்டினாள்.

அவனுடைய பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. பல மாதம் கழித்து, தேர்வு மைதானத்திலிருந்து எனக்குப் போன் செய்தான். "சட்டையக் கழட்டுனேண்ணே. ஒருத்தனும் என்னப் பாக்கல. அவனவன் மூச்ச இழுத்துப் பிடிச்சிக்கிட்டு நிக்கான், என்ன எவன் பாக்கப் போறான்?" மார்பளவில் தேறிவிட்டான், கயிறு ஏறுவதில் தவறிவிட்டான். மறுபடி எழுதப் போவதாகச் சொன்னான்.

எனக்கு அறுவைக்குப் பிறகு கீமோ தொடங்கியது. கீமோ என்பது வேகமாகப் பெருகுகிற செல்களை அழிக்கிற மருந்து. நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். புற்று செல்கள் எவை, முடி எது, வாயின் உட்தோல் எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. முடி போனது, புருவமும் போனது, நாக்கில் எதை வைத்தாலும் இரும்புச் சுவை. முதல் நாலைந்து நாள் எழுந்து நிற்க முடியாது, பிறகு மெல்லத் தேறும். தேறியதும் அடுத்த கீமோ. தர்ஷினி கல்லூரி விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வாந்திக்குப் பாத்திரம் பிடிக்க வந்தால் வேண்டாம் என்பேன். "சும்மா இருங்கப்பா" என்பாள்.

நான் கொஞ்சம் தேறியிருந்த ஒரு நாளில் கடையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வந்து கேமைத் திறந்து வைத்தாள். "புதுசா ஒரு ஆள் செய்வோம்ப்பா" என்றாள். "ஒங்கள மாதிரியே." மொட்டைத்தலை கிடைத்தது. புருவமில்லாத முகமும் கிடைத்தது. நெஞ்சுக்கு வந்தபோது கோட்டை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தாள். ஒல்லியாகலாம், அகலமாகலாம்; ஒரு பக்கம் மட்டும் குறைக்க வழியில்லை. தழும்புகள் என்று தனியாக ஒரு பகுதி இருந்தது. அதையும் திறந்து பார்த்தாள்.

"அப்பா, மொகத்துக்கு மட்டும் எத்தன தினுசு தழும்பு வச்சிருக்காங்க பாருங்க. கண்ணுல வெட்டு, கன்னத்துல வெட்டு. நெஞ்சுல ஒண்ணுகூட இல்ல."

"முகத்துல வெட்டு இருந்தா வீரன் மாதிரி இருக்கும்லா."

"ஒங்களது எப்படி இருக்கும்?"

அவள் கேட்ட விதத்தில் பயமும் இல்லை, கூச்சமும் இல்லை. எனக்குத்தான் இரண்டும் இருந்தன. சட்டையை விலக்கிக் காட்டினேன். அக்குளிலிருந்து நடுநெஞ்சுவரை ஒரு கோடு. அதற்கு மேலும் கீழும் தட்டையான தோல், அடியில் விலா எலும்பு தெரியும். மறுபக்கம் என் பழைய மார்பு அப்படியே. அவள் நிதானமாகப் பார்த்துவிட்டு, "நேரா தச்சிருக்காங்க" என்றாள். அது கோமதியின் மகள் சொல்லக்கூடிய வார்த்தை.

கோமதியும் ஒருநாள் கேட்டாள்: "அந்த அக்காவுக்குத் தச்சுக் குடுத்தேம்லா, பஞ்சு வச்சு. ஒங்களுக்கும் ஒண்ணு தச்சுத் தரட்டா? சட்ட போட்டா ஒண்ணுபோலத் தெரியும்." யோசித்துப் பார்த்தேன். இத்தனை காலம் இருந்ததை மறைக்கத் துணி தேடியவன், இப்போது இல்லாததை மறைக்கப் பஞ்சு தேடுவதா? வேண்டாம் என்று சொன்னேன்.

திருநெல்வேலிக்குப் போய்க் கதிர்வீச்சும் முடித்தேன். பிறகு மாத்திரை. என்னுடைய புற்று பெண்மைச் சுரப்பைத் தின்று வளர்கிற வகை. ஆண் உடம்பிலும் அது கொஞ்சம் உண்டு. அது புற்றைப் போய்ச் சேராமல் தடுக்கிற மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். முதல்முறை மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்த பையன், "அண்ணாச்சி, மதினிக்கா?" என்று கேட்டான். "எனக்கு" என்றேன். அவன் சீட்டை இன்னொருமுறை பார்த்தான், எடுத்துக் கொடுத்தான்.

சித்தியின் கதையைக் குறித்துக்கொண்ட டாக்டர், மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார். சில குடும்பங்களில் ஒரு மரபணுக் கோளாறு வழிவழியாக இறங்கும். அது இருந்தால் இந்தப் புற்று வருவதற்கான வாய்ப்பு கூடும். பெண்கள் வழியாக மட்டுமல்ல, ஆண் வழியாகவும் இறங்கும். எனக்கு அது இருந்தது. தர்ஷினிக்கு இருக்கவும் இல்லாமலிருக்கவும் சம வாய்ப்பு என்றார் டாக்டர். அவளுக்கு இன்னும் வயதிருக்கிறது, அவளே முடிவெடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். எனக்கு வந்த நோயைவிட அந்தச் 'சம வாய்ப்பு'தான் என்னை அதிகம் படுத்தியது, இன்னும் படுத்துகிறது. ஆனால் உடனே பார்த்தாக வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். என் அக்கா லட்சுமி, ஆய்க்குடியில் இருப்பவள். அதே வாய்ப்பு அவளுக்கும் உண்டு, வயதும் என்னைவிடக் கூட.

போனில் சொன்னால் அக்கா பிடிகொடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லலே. ஒனக்கு வந்திட்டுன்னு எனக்கும் வரணுமா? சவத்த விடு." நேரில் போனேன். அவள் வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு படம் எடுத்துப் பாத்திரு. அவ்வளவுதான்."

"எவன் முன்னாலயோ போயி அவுத்துப் போட்டுட்டு நிக்கச் சொல்லுதியா? இந்த வயசுலயா?"

"அங்கன இருக்கது பொம்பளப் பிள்ள. எனக்கு எடுத்ததும் அவதான்."

"நீ ஆம்பள, ஒனக்கென்ன?"

எனக்கென்ன! அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் அவளுக்கும் தெரியும். அதற்காக ஒருவனைக் கல்லால் அடித்தவள் அவள். நான் சட்டையைக் கழற்றினேன். பனியனையும் கழற்றினேன். வெயிலில் நின்றேன். அக்கா கையில் பிழிந்த சேலை அப்படியே நின்றது. வெகுநேரம் பார்த்தாள்.

"சித்திக்கும் இங்கனதான் இருந்துச்சு," என்றாள். "நாந்தான் மருந்து போட்டுவிடுவேன். அம்மைக்குப் பாக்க முடியாது." பிறகு சேலையைக் கொடியில் போட்டுவிட்டு, "நாளைக்கு வா. போவோம்" என்றாள்.

அக்காவுக்கும் கட்டி இருந்தது. கைக்குத் தட்டுப்படாத அளவு சின்னது. ஆரம்ப நிலை என்று டாக்டர் சொன்னபோது அவர் முகத்தில் நான் முதன்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். குடும்பத்தில் மரபணுக் கோளாறு இருந்ததால், கட்டியை மட்டும் எடுப்பதைவிட மார்பகத்தையே எடுப்பது நல்லது என்றார். அக்கா சம்மதித்தாள்.

அவளுக்கு அறுவை முடிந்த மறுநாள் காலை பார்க்கப் போனேன். பெண்கள் வார்டு வாசலில் இருந்த ஆயாம்மா கையை நீட்டி மறித்தாள். "இப்ப ஆம்பளையாள் உள்ள போவப்படாது. பயிற்சி நடக்குது."

திறந்திருந்த கதவு வழியே தெரிந்தது. அறுவை முடிந்த பெண்கள் நாலைந்து பேர் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். அக்குளில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு அப்படியே விட்டால் தோள் இறுகிவிடும். அதனால் சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்திக் கையை உயர்த்தப் பழக்குவார்கள். வலி உயிர் போகும். எனக்கு நன்றாகத் தெரியும். அக்கா மட்டும் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயிற்சி கொடுக்கிற பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அவன உள்ள விடுங்க."

"ஆம்பளையாளும்மா..." என்றாள் ஆயாம்மா.

"அவனும் எங்கள்ல ஒருத்தந்தான். அவனுக்கும் எடுத்திருக்கு."

சுவரைப் பார்த்து நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். எனக்கு முகம் சுட்டது. ஓரத்தில் நின்ற ஒரு பெண், கடையநல்லூர்க்காரி என்று பிறகு தெரிந்தது, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"இடது."

"எனக்கும் இடதுதான்" என்று சொல்லி, கொஞ்சம் தள்ளி நின்று சுவரில் இடம் விட்டாள்.

ஆயாம்மா கையை எடுத்துக்கொண்டாள். நான் உள்ளே போய் அக்காவுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து நின்றேன். இடது கையைச் சுவரில் வைத்து ஆள்காட்டி விரலை நகர்த்தினேன், பிறகு நடுவிரலை. தோளில் பிடித்து இழுத்தது. நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி நகர்த்தினேன். அக்கா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வயிற்றிலிருந்து கையை எடுத்துச் சுவரில் வைத்தாள்.